கத்திக்கு முன்னால் நடப்பது

கேள்வி: கழுத்தை அறுத்துத் துடிக்கவிடுவதைவிட, கோயில் கிடாவெட்டு மாதிரி ஒரே வீச்சில் தலையை எடுத்தால் ஆட்டுக்கு வலி குறைவுதானே? அப்புறம் ஏன் கறிக்கடைகளில் அறுக்கிறார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஒரே வீச்சில் போனால் வலி குறைவுதான். ஆனால் போக வேண்டுமே. எங்கள் ஊர்க் கோயிலில் தண்ணீர் தெளித்து, ஆடு துலுக்கியதும் அரிவாள் இறங்கும்; கை தேர்ந்தவர் வெட்டினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், கை நடுங்கினால் இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு, அதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை. அறுப்பிலும் எல்லாம் கையையும் கத்தியையும் பொறுத்ததுதான். நல்ல கூரான கத்தியால் மூச்சுக்குழலோடு கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் சட்டென்று அறுபட்டால் செம்மறிக்குச் சில நொடிகளிலேயே நினைவு போய்விடும், ஏனென்றால் அதன் மூளைக்குப் பெரும்பாலும் அந்தக் கழுத்துத் தமனிகள் வழியாகத்தான் ரத்தம் போகிறது. (மாட்டுக்கு வேறு வழியும் உண்டு, அதனால் நேரம் கூடும்.) பிறகு கால் உதைப்பது நினைவில்லாத உதைப்பு. தலை துண்டான கிடாவும் உதைக்கிறதே.

முஸ்லிம்களுக்கு அறுப்பது மார்க்கம். கத்தியை நன்றாகத் தீட்டு, பிராணியை வதைக்காதே என்பதும் அதே மார்க்கம் சொல்வதுதான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு எந்த மதத்தார் தங்கள் முறைப்படி கொன்றாலும் குற்றமில்லை என்கிறது; உங்கள் கிடாவெட்டும் அதில் அடக்கம். வலிதான் கவலை என்றால் நியூசிலாந்தைப் பாருங்கள், அங்கே ஹலால் ஆட்டுக்கும் தலையில் மின்சாரம் கொடுத்து மயக்கிவிட்டுத்தான் அறுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது கத்திக்கு முந்தைய நேரத்தை நினைத்துத்தான். சந்தையிலிருந்து காலை மடக்கி வண்டியில் அடைத்து, தண்ணீர்கூடக் காட்டாமல் கொண்டுவந்து, கடை வாசலில் கட்டிப்போட்டு, அதன் கண் முன்னாலேயே இன்னொன்றை அறுப்பது. அந்த ஆடு கத்துகிற சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். அப்படிப் பயந்து களைத்த ஆட்டின் சதையில் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகும், அறுத்த பிறகு உருவாக வேண்டிய அமிலம் போதுமான அளவு உருவாகாது, கறி கறுத்துச் சீக்கிரம் கெடும். ஆக, வாங்குகிறவருக்கும் நஷ்டம்.

2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் இதையெல்லாம் தடுக்கத்தான் வந்தன. நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும், மற்ற பிராணிகள் பார்க்கும்படி அறுக்கக்கூடாது, சினையாட்டையும் மூன்று மாதம் ஆகாத குட்டியையும் அதன் தாயையும் தொடக்கூடாது, கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே கத்தி. ஒரு மருத்துவர் மணிக்கு 12 பிராணிகளுக்கு மேல் பார்க்கக்கூடாது என்றுகூட எழுதியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தெருவை நடந்து பாருங்கள், எத்தனை வாசலில் ஆடு கட்டியிருக்கிறது என்று.

சரி, நீங்கள் கறி வாங்குகிறவர்தானே? இது எங்கே அறுத்தது, மருத்துவர் பார்த்ததற்கான முத்திரை எங்கே என்று அடுத்த வாரம் கடைக்காரரிடம் கேளுங்கள். காட்டவில்லையென்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.