வர்ஜீனியா எல்லையில் மிலிஷியா: கேள்வி பதில்

1755 ஜூலை 9 அன்று வட அமெரிக்காவின் மோனோங்கஹேலா ஆற்றருகே, பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடி வீரர்களும் ஜெனரல் பிராடக்கின் பிரிட்டிஷ் படையை நொறுக்கினார்கள். பிரிட்டிஷ் காலனியான வர்ஜீனியாவின் மேற்கு எல்லை திறந்து கிடந்தது. அதைக் காக்கும் பொறுப்பு 23 வயது ஜார்ஜ் வாஷிங்டனின் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மிலிஷியா சம்பளப் படையா?

இல்லை. அது ஊர் ஆண்கள் தேவைப்படும்போது திரளும் படை. சம்பளப் படை வர்ஜீனியா ரெஜிமெண்ட். அதில் சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்ஸ், அதிலும் 2 பென்ஸை உடுப்புக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: சொந்த ஊரைக் காக்கக்கூட வர மறுத்தார்களாமே, கோழைகளா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1755 அக்டோபரில் எல்லை ஊரான வின்செஸ்டரிலிருந்து வாஷிங்டன் ஆள் கேட்டபோது, ஒரு மிலிஷியா கேப்டன் அனுப்பிய பதில் இது: என் மனைவி, குடும்பம், சோளம் எல்லாம் ஆபத்தில் இருக்கின்றன, என் ஆட்களுக்கும் அதே நிலைதான், வர முடியாது. வாஷிங்டனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் கிளம்பிய மறுநாளே வீடு எரிந்தால் யார் பொறுப்பு? அப்புறம், கிழக்கு மாவட்டங்களில் வேறொரு பயம். அடிமைகள் கிளர்ந்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்களை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆளுநர் டின்விடியே எழுதினார். மக்களை அடிமைப்படுத்தி வைத்த சமூகம், காவலுக்கு இருந்த ஆட்களில் ஒரு பகுதியைத் தன் வீட்டுப் பயத்துக்கே செலவழித்தது என்றே சொல்வேன்.

கேள்வி: கட்டாயமாக ஆள் எடுக்கவில்லையா?

1756-ல் சட்டம் போட்டார்கள். 10 பவுண்ட் கட்டினால் விலக்கு. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்று சிப்பாயின் தினக்கூலியில் கணக்குப் போட்டால் அது 300 நாள் சம்பளம். ஆக, சிக்கியது ஏழைதான். சேர்ந்தவர்களுக்கும் டிசம்பர் வரைதான் பணி. காலனிக்கு வெளியே அனுப்பவும் கூடாது.

கேள்வி: சாப்பாடு, வண்டிக்கு என்ன செய்தார்கள்?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். 1756-ல் எல்லையைச் சுற்றிவந்த வாஷிங்டன் எழுதியதைப் படித்தால் மனம் கனக்கிறது. சில நாள் உணவை முதுகில் சுமப்பதை மிலிஷியாக்காரர்கள் அவமானமாக நினைத்தார்கள். காலையில் வழியில் கண்ட மாட்டை அடித்துச் சாப்பிட்டார்கள், மதியமும் இரவும் அப்படியே. அந்த மாடு யாருடையது? யாரைக் காக்கப் போனார்களோ, அந்தக் குடியானவனுடையது.

வண்டியும் அப்படித்தான். 1755-ல் வின்செஸ்டரில் உருவிய வாளைக் காட்டாமல் ஒரு குதிரைகூடக் கிடைக்கவில்லை என்று வாஷிங்டன் எழுதினார். தலையைச் சுட்டுச் சிதறடிப்போம் என்று ஊர்க்காரர்கள் மிரட்டினார்கள். அதே ஆண்டு வசந்தத்தில் பிராடக்கின் படைக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் தேறியது 25 வண்டி. பென்சில்வேனியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டே வாரத்தில் 150 வண்டி சேர்த்தார். நாலு குதிரை, ஓட்டுநரோடு ஒரு வண்டிக்கு நாளுக்கு 15 ஷில்லிங், கேட்டால் ஏழு நாள் வாடகை முன்பணமாகக் கையில். ஜெனரலை எங்களுக்குத் தெரியாது என்று வண்டிக்காரர்கள் சொன்னதும், தன் சொந்தப் பொறுப்பிலேயே பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

கேள்வி: ஓடிப்போனவர்களைத் தூக்கிலிட்டது உண்மையா?

உண்மை. 1757 ஜூலையில் ரெஜிமெண்ட் சிப்பாய்கள் இருவர். தூக்குமரம் ஏறக்குறைய 40 அடி உயரம்.

கேள்வி: எப்போதுதான் விடிந்தது?

1758-ல். ஜெனரல் ஃபோர்ப்ஸ் பென்சில்வேனியா வழியாகப் பாதை வெட்டி, பெட்ஃபோர்ட், லிகோனியர் என்று இடையிடையே கோட்டைகளில் உணவைச் சேமித்துக்கொண்டே முன்னேறினார். நவம்பர் 25 அன்று பிரெஞ்சுக்காரர்களின் டுகேன் கோட்டைக்குள் நுழைந்தபோது, அவர்கள் அதைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.