யானை வெடிச் சத்தமும் உறங்காத ஹவில்தாரும்

கேள்வி: பேரணாம்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. என் கணவர் காஷ்மீரில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார். கவுண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கும் இரவுகளில் தோப்புக்காரர்கள் வெடி போடுவார்கள். சத்தம் கேட்டதும் மகனைத் தரையில் தள்ளி, அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறார். பிறகு விடியும்வரை தூக்கமில்லை. இப்போது தினமும் குடிக்கிறார். மருத்துவரிடம் அழைத்தால், "பழையதைக் கிளறினால் இன்னும் கெடும்" என்கிறார். அது சரியா?

பதில்: சகோதரி, அந்த நொடியில் உங்கள் கணவர் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். அப்பாவுக்குப் பைத்தியம் என்று யாராவது அவன் காதில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இது பி.டி.எஸ்.டி. எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் வேதனை உரக்கப் பேசப்பட்ட பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. அதற்கு முன்பும் நோய் இருந்தது. அதைக் கோழைத்தனம் என்றார்கள்.

அவர் அஞ்சுவதில் பாதி நியாயம் உண்டு. உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து "அங்கே என்ன நடந்தது, சொல்லு" என்று துருவினால் கெடத்தான் செய்யும். சிகிச்சை அப்படி நடப்பதில்லை. நினைவு வரும்போதெல்லாம் அவர் விலகி ஓடுகிறார். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை நம்பிவிடுகிறது. ஓடாமல் நின்றாலும் அச்சம் தானே தணியும் என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பைத் தருவதுதான் நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 நிமிடம். முதலில் மூச்சுப் பயிற்சியும் விளக்கமும். அடுத்து, அந்த நிகழ்வை இப்போது நடப்பதுபோல் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அப்படிச் சொன்னதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்பார். கூடவே, தவிர்த்துவந்தவற்றைப் படிப்படியாக நெருங்குவார். உங்கள் வீட்டில் அது பகல் வேளையில், செல்பேசியில், மெல்லிய வெடிச் சத்தமாகத் தொடங்கலாம். அடுத்த படி எப்போது என்பதை அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். தொடக்க வாரங்களில் கலக்கம் சற்றுக் கூடலாம். அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

என் கணிப்பில், படைவீரர்கள் பலரை அச்சத்தைவிடக் குற்ற உணர்வே அதிகம் அரிக்கிறது. "நான் முன்னே போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்" என்ற எண்ணத்தைச் சத்தத்துக்குப் பழக்குவதால் மட்டும் கரைக்க முடியாது. அந்த நம்பிக்கையை எழுதிவைத்து, உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதற்குப் பொதுவாக 12 அமர்வுகள். மருத்துவர் செர்ட்ராலின் போன்ற, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரையும் தரக்கூடும். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் குடிப்பவர் குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதையும் மருத்துவர் மேற்பார்வையிலேயே செய்யுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் வேலூர் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. எங்கே போனாலும், இந்தச் சிகிச்சை முறைகளில் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெறும் ஆறுதல் பேச்சு போதாது. நள்ளிரவில் தவித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

தூக்கத்தில் அலறினால் தொட்டு எழுப்பாதீர்கள். எட்ட நின்று பெயர் சொல்லி அழையுங்கள். வெடி போடும் முன் ஒரு போன் செய்யும்படி தோப்புக்காரர்களிடம் கேட்கலாம். ஆனால் அவருக்காக வெடியையே நிறுத்தச் சொல்ல வேண்டாம், அதுவும் ஓடுவதுதான். வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வையுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அவரிடம் பேசக் காலை நேரம் நல்லது, குடிக்காத வேளை. முதல் நாளே முழுக் கதையையும் யாரும் கேட்க மாட்டார்கள், தூக்கமும் உடம்பும் பற்றித்தான் கேட்பார்கள் என்பதை பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.