மலைக்குப் புறப்படும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு: கேள்வி பதில்

பள்ளி லீவு நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி மூணாறைப் பற்றி, மீதி நம்ம ஊர் மலைகளைப் பற்றி. பூதப்பாண்டிப் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்தவன் நான். குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் மலைக்குக் கூட்டிப்போவதுதான் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: வீட்டில் யாருடைய கால் சின்னதோ, அந்தக் காலுக்கு ஏற்ற மலை.

தக்கலையிலிருந்து ஒரு அம்மா: அண்ணாச்சி, ஏப்ரல் லீவுல மூணாறு போறோம். மூத்தவனுக்கு 9 வயசு, இளையவளுக்கு 4. இரவிகுளம் தேசியப் பூங்காவுல சின்னவ நடப்பாளா? ஆனைமுடி ஏற விடுவாங்களா?

நடப்பாள், தாராளமாகக் கூட்டிப்போங்கள். இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா. 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டும். உங்கள் காரைக் கீழேயே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். இறங்கிய பிறகு தார் போட்ட பாதையில் ஏற்றமாக நடை. கரடுமுரடு கிடையாது. ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். அதில் ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, பார்த்துவிட்டு வரலாம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். நீங்கள் ஏப்ரலில் போவதால் குட்டிகளைத் தாயோடு பார்க்க நல்ல வாய்ப்பு. வரையாடு நம் மாநில விலங்கு. அங்கே மனிதர்களுக்குப் பழகிப்போய் பாதையோரமே நின்று புல் மேயும். தொடவும் கூடாது, பிஸ்கட் நீட்டவும் கூடாது. பிள்ளைகளிடம் இதை பஸ்ஸில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆட்டைப் பார்த்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

இன்னொன்று குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ராஜமலை கிட்டத்தட்ட 2,000 மீட்டர். தக்கலையில் 33 டிகிரி அடிக்கும் நாளில் அங்கே 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். மஞ்சு இறங்கி காற்றும் அடித்தால் அதைவிடக் குறைவாகத் தெரியும். நம்ம பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. காதை மூடும் குல்லா, ஒரு ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. இந்த மூன்றும் கையில் இருக்கட்டும், காரில் அல்ல. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். லீவு நாளில் வரிசையில் நின்றே பிள்ளை களைத்துவிடும்.

கோட்டாறிலிருந்து ஒரு தம்பி: போறதுக்கு முந்தி பிள்ளையளுக்கு நடைப் பழக்கம் வரணும். நம்ம பக்கத்துல எங்க நடக்கலாம்?

தம்பி, இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாகர்கோவில்காரர்களுக்கு மருந்துவாழ்மலை கைக்கெட்டும் தூரம். கன்னியாகுமரி ரோட்டில் பொற்றையடிப் பக்கம் இறங்கினால் அடிவாரம். முதலில் படிகள், அதற்குமேல் பாறையும் கல்லும்தான் வழி. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகை இங்கேதான். மேலே ஏறி நின்றால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தெற்கு முனை, நடுவில் குளமும் தென்னந்தோப்பும். ஒரு பிள்ளைக்கு மலை என்றால் என்ன, கடல் என்றால் என்ன என்று ஒரே இடத்தில் காட்ட இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

விடியும்போது ஏறத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும், மேலே நிழல் குறைவு. குரங்கு அதிகம், கையில் கவர் தொங்கினால் பிடுங்கிவிடும். பழமோ தின்பண்டமோ பைக்குள் இருக்கட்டும், பை முதுகில் இருக்கட்டும்.

ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் முட்டுக்குப் பாரம், பிள்ளைகள் ஓடுவதும் அப்போதுதான். உருளும் சிறுகல்லில் கால் வைத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில். இறக்கத்தில் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். அது தேர்ந்த பெரியவருக்கு. பிள்ளைகளோடு போனால் வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள். அப்போதுதான் பட்டாம்பூச்சி பார்க்கவும், ஒன்றுக்குப் போகவும், அழுது சமாதானமாகவும் நேரம் இருக்கும்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியை: எனக்கு 66 வயது, சர்க்கரை உண்டு, முட்டுவலியும் உண்டு. பேரப்பிள்ளைகளோடு நானும் மலை ஏற வேண்டும் என்று ஆசை.

டீச்சர், உங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் சிதறால் இருக்கிறது. கல் பாவிய பாதை, பல இடத்தில் மர நிழல், உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மேலே 9-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட யார் வேண்டும்? ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது அது முட்டுக்குப் பெரிய ஆறுதல். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. கை நடுங்கி வியர்த்தால் அங்கேயே உட்கார்ந்து குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போடுங்கள். அதைப் பேரனின் பையில் வைக்காமல் உங்கள் இடுப்புப் பையிலேயே வைத்திருங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் கல் குத்தினாலும் தெரியாமல் போகும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு அண்ணன்: கீரிப்பாறை, மாறாமலை எல்லாம் நம்ம ஊர்தானே, காட்டுக்குள்ள நாமளே போய்ட்டு வரலாமே?

அண்ணே, கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 2008 முதல் நம் மாவட்டத்துக் காடு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சட்டத்தை விடுங்கள், காரணத்தைக் கேளுங்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், ஏனென்றால் கீழே எரியும் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். மனிதன் ஏற்றத்தில் தீயைவிட வேகமாக ஓட முடியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். மலையோர ஊர்க்காரர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். குடும்பத்தோடு போவது என்றால் எளிது என்று போட்டதை மட்டும் எடுங்கள்.

ஆற்றில் குளிக்கக் காளிகேசம் போவதாக இருந்தால் செக்போஸ்டில் கேட்டு, திறந்திருந்தால் மட்டும் போங்கள். அங்கே ஆபத்து தண்ணீரில். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எஸ்டேட் பக்கம் மழை கொட்டியிருக்கும். அடையாளம் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த பாறையின் நுனி முங்கிவிடும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு எதையும் எடுக்க நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஆற்றின் நடுப்பாறையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த நாளிலும் இது நடக்கலாம். ஏப்ரல், மே கோடைமழையிலும் மதியத்துக்கு மேல் நடக்கும்.

அதே அண்ணன்: ஆனை வந்தா?

ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே வருகிறது, எனவே நியாயமான கேள்வி. ஆவி பறக்கும் புது ஆனைப் பிண்டம் (சாணம்), ஒடிந்த மூங்கில், கிளை முறியும் சத்தம் என்று ஏதாவது தெரிந்தால் அப்படியே வந்த வழியே திரும்புங்கள். எதிரில் பார்த்துவிட்டால் கத்தாமல், ஃப்ளாஷ் அடிக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். காற்று உங்கள் பக்கமிருந்து ஆனைப் பக்கம் வீசினால் அது உங்களை முன்பே அறிந்திருக்கும். குட்டியோடு நிற்கும் ஆனைக்கு இன்னும் கூடுதல் தூரம் கொடுக்க வேண்டும்.

குலசேகரத்திலிருந்து ஒருவர்: பையனுக்கு 12 வயசு. அகஸ்தியர்கூடம் கூட்டிட்டுப் போலாமா?

இப்போது வேண்டாம். 1,868 மீட்டர் சிகரம், போனக்காட்டிலிருந்து காட்டுக்குள் நீண்ட நடை, அதிருமலையில் தங்கி மறுநாள் ஏற்றம். கேரள வனத்துறை சிறு பிள்ளைகளை விடுவதும் இல்லை. அவன் வளரட்டும், ஜனவரி வாக்கில் முன்பதிவு அறிவிப்பு வரும். 2019 முதல் பெண்களும் போகிறார்கள், அப்போது குடும்பமாகவே போகலாம்.

இரணியலிலிருந்து ஒரு அக்கா: அட்டைக்கு உப்பு, புகையிலை எது நல்லது? எனக்கு அதை நினைச்சாலே உடம்பு கூசுது.

அக்கா, அட்டை பயப்பட வேண்டிய ஜீவனே இல்லை. முட்டுவரை வரும் அட்டைக்காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் சொருகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் வடியும். துணி வைத்து அழுத்துங்கள், போதும்.

நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத்தான். புதரிலும் புல்லிலும் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், தலைவலி வந்தால், 'காட்டுக்குப் போனோம்' என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அக்குள், இடுக்கு, இடுப்பு மடிப்பில் பீடி சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் புல்லில் நேராக உட்காராமல் துண்டோ விரிப்போ போட்டு உட்காருங்கள். வந்ததும் குளித்து, போட்ட துணியை எல்லாம் வெந்நீரில் போடுங்கள்.

கருங்கல்லிலிருந்து ஒரு தம்பி: நீலக்குறிஞ்சி எப்ப பூக்கும்?

12 வருஷத்துக்கு ஒருமுறை. இரவிகுளத்தில் 2006, 2018 பூத்தது. அடுத்தது 2030.

வில்லுக்குறியிலிருந்து ஒரு அம்மா: வழியில சாப்பிட என்ன எடுக்கலாம்? வளைவுல பிள்ளை வாந்தி எடுக்கான்.

மட்டிப்பழம், வறுத்த கடலை, கருப்பட்டித்துண்டு, புளிச்சோறு. எண்ணெயில் பொரித்தது தாகத்தைக் கூட்டும், மலையில் வேண்டாம். தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில். வளைவு ஏறும் முன் பிள்ளைக்கு ரெண்டு இட்லி போதும், போனைக் கையில் கொடுக்காதீர்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து ஒரு மீனவக் குடும்பம்: தேக்கடி போறோம். படகு எங்களுக்குப் புதுசில்ல. நடக்க வழி உண்டா?

உண்டு, நீங்கள் கேட்டது ரொம்ப சந்தோஷம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் வழிகாட்டியோடு காட்டு நடை இருக்கிறது. அந்த வழிகாட்டிகளில் சிலர் ஒருகாலத்தில் அதே காட்டில் வயணப்பட்டை (காட்டு லவங்கப்பட்டை) திருடி விற்றவர்கள். 1990-களின் இறுதியில் வழக்குகளை விட்டு வெளியே வந்து, வனத்துறையோடு சேர்ந்து காட்டைக் காக்கும் வேலைக்கு வந்தார்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்தத் தடம் எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்று அவர்கள் சொல்லக் கேட்பதற்காகவே போகலாம். அவர்கள் தமிழும் பேசுவார்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் வயது வரம்பை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகியபாண்டியபுரத்திலிருந்து ஒரு அப்பா: கூட்டத்துல பிள்ளை தனியாப் போயிட்டா என்ன செய்யணும்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது?

ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: 'வழி தெரியலன்னா நடக்காதே, பக்கத்து மரத்தைப் பிடிச்சிட்டு நில்லு.' தேடிக்கொண்டு நடக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கழுத்தில் ஒரு விசில் போட்டுவிடுங்கள். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. வீட்டு மொட்டைமாடியில் விளையாட்டாகப் பழக்குங்கள். காட்டில் விளையாட்டுக்கு ஊதக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டை பச்சையோ காக்கியோ வேண்டாம், மஞ்சளோ சிவப்போ போட்டுவிடுங்கள், மரத்துக்கிடையில் கண்ணில் படும். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். புறப்படும் முன் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அன்றைக்கு என்ன உடுப்பு போட்டிருந்தது என்று பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது, வனக்காவலரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.