கியூ கையில் இருக்கிறது, யூ இல்லை: ஸ்கிராபிளில் என்ன வார்த்தை போடலாம்?

கேள்வி: காரைக்குடியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், ஆங்கில எழுத்துக் காய்களைப் போர்டில் அடுக்கி வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் போட்டிக்குத் தயாராகிறாள். கியூ வந்தால் யூ கிடைக்காமல் கடைசிவரை கையிலேயே தங்கிவிடுகிறது. யூ தேவைப்படாத சின்ன வார்த்தைகள் எவை? பொருளோடு சொன்னால் மனதில் நிற்கும்.

பதில்:

பொருளோடு கேட்டது சரியான வழி. வெறும் எழுத்துக்கோவையாக மனப்பாடம் செய்தால் போட்டி நெருக்கடியில் மறந்துவிடும். இந்த வார்த்தைகளில் ஏறக்குறைய பாதி உங்கள் மகளுக்குத் தமிழில் ஏற்கெனவே தெரிந்தவைதான்.

தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு ‘டி’யும் இரண்டு ‘பி’யும் ஒன்றாகத் தெரியும். அதனால் போனில் பெயருக்கு எழுத்துச் சொல்வதுபோல டைகர் டி, டாக்டர் டி, பேப்பர் பி, பஸ் பி என்றே எழுதுகிறேன்.

முதலில் படிக்க வேண்டியது கியூ-ஐ. ‘ச்சீ’ என்று உச்சரிக்க வேண்டும். சீன மருத்துவத்தில் உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி. நாம் பிராணன் என்பதற்குப் பக்கத்துப் பொருள். கியூ வரும் இரண்டெழுத்து வார்த்தை இது ஒன்றுதான். 100 காய்களில் யூ 4, ஐ 9. ஆகவே கியூ வந்ததும் யூவுக்குக் காத்திருக்காமல், ஓர் ஐயைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதை வைக்கும் விதத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது. கியூவின் மதிப்பு 10, ஐயின் மதிப்பு 1; சும்மா வைத்தால் 10 + 1 = 11. போர்டில் மேலிருந்து கீழாக இட்லி என்று யாரோ வைத்திருக்கிறார் என்று வையுங்கள் (ஆம், போட்டியில் செல்லும் வார்த்தைகளைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலில் இட்லி உண்டு). கடைசி எழுத்து ஐ. அதற்கு இடப்பக்கம், எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் காலி. அதில் கியூவை வைத்து, நேர் கீழே உங்கள் ஐயை வைத்தால் குறுக்கே ஒரு கியூ-ஐ, நெடுக்கே ஒரு கியூ-ஐ. 30 + 1 = 31, இரண்டு பக்கமும் சேர்த்து 62. சுற்றிலும் வேறு எழுத்து ஒட்டக்கூடாது. குறிப்பாக, புதிதாக வைக்கும் ஐயின் வலப்பக்கக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே தப்பான வார்த்தை ஒன்று உருவாகி ஆட்டமே செல்லாமல் போகும். பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின் யூ வருவது லத்தீன், பிரெஞ்சு வழக்கம். பழைய ஆங்கிலத்தில் ராணியைக் குறிக்கும் சொல்லையே சி-டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் வந்த பிறகு கியூ-யூ ஆனது. அந்த வழக்கத்துக்குள் அடங்காத வார்த்தைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றிலும் அதிகம் அரபிச் சொற்கள். அரபியில் ‘காஃப்’ என்று அடிநாக்கு உள்நாக்கைத் தொட்டு எழும் ஓர் எழுத்து உண்டு. அதைத்தான் கியூவால் குறிக்கிறார்கள்.

அந்த எழுத்து நமக்குப் புதிதல்ல. தாலுகா, பிர்கா, கிஸ்தி, நகல், இலாகா, கைதி, மளிகைக் கடை நோட்டில் எழுதும் பாக்கி: எல்லாவற்றிலும் உள்ள ‘க’ அரபி மூலத்தில் அந்தக் காஃப்தான். இவற்றைக் கியூ போட்டு ஸ்கிராபிளில் வைக்க முடியாது. தாலுகாவை ஆங்கிலேயர் கே போட்டு எழுதினார்கள், அதுவே நிலைத்தது. ஆனால் ஒலி காதில் பழகியிருப்பதால் அடுத்து வருபவை சுலபமாக ஏறும்.

டபிள்யூ-ஏ-கியூ-எஃப்: நம் வக்பு. அறத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைத்த சொத்து. 19 மதிப்பெண். எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர்: பக்கிரி; அரபியில் ஏழை என்று பொருள். டைகர் டி-ஏ-எல்-ஏ-கியூ: தலாக். என்-ஐ-கியூ-ஏ-பஸ் பி: கண் மட்டும் தெரிய முகத்தை மூடும் துணி. பஸ் பி-யூ-ஆர்-கியூ-ஏ: புர்கா. இதில் யூ இருக்கிறது, ஆனால் கியூவுக்குப் பின்னால் அல்ல. எழுதும்போது இடம் மாறிவிடக் கூடாது. எஸ்-யூ-கியூவும் அப்படியே: அரபுச் சந்தை.

கியூ, ஏ, ஐ, டாக்டர் டி என்ற நான்கு எழுத்தும் கையில் இருந்தால் இரண்டு வார்த்தைகள். கியூ-ஏ-ஐ-டி தலைவர், காயிதே மில்லத் என்ற பட்டத்தில் வரும் ‘காயித்’ அதுதான். கியூ-ஏ-டி-ஐ நீதிபதி, நாம் காஜி என்பவர். இரண்டுக்கும் 14. ஐயில் முடிவது ஓரிடத்திலும் டியில் முடிவது வேறோரிடத்திலும் பொருந்தும் என்பதால் இரண்டையும் ஜோடியாகவே படிக்க வேண்டும்.

கியூ-ஏ-டைகர் டி: யேமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லும் இலை. கன்னத்தில் ஒதுக்கி மணிக்கணக்கில் மெல்வார்கள். நம் வெற்றிலையைவிடப் போதை அதிகம். கியூ-ஏ-என்-ஏ-டைகர் டி: ஈரானில் மலையடி நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கக் கால்வாய் வழியாக ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. செட்டிநாட்டு ஊருணி மழைநீரைத் தேக்குவது, இது நிலத்தடி நீரை நடத்திவருவது என்று ஒப்பிட்டுச் சொன்னால் மறக்காது.

கியூ-ஓ-ஆர்-எம்-ஏ: குருமாவேதான்! வறுப்பதைக் குறிக்கும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்டு இடியாப்பத்துக்கு ஊற்றுவது நம் கைவரிசை. கே போட்டும் எழுதலாம், அதுவும் செல்லும். கியூ-ஓ-பேப்பர் பி-எச் எபிரேய நெடுங்கணக்கின் 19ஆம் எழுத்து. கியூவும் அந்த வம்சத்தில் வந்ததே. அரபிப் பக்கம் சேராமல் தனியாக நிற்பது டைகர் டி-ஆர்-ஏ-என்-கியூ, மன அமைதி தரும் மருந்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியது.

போடக்கூடாதவை: ஈராக், கத்தார். ஊர், நாட்டுப் பெயர்கள் செல்லாது. நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் பிள்ளைகள் கத்தாரை முதலில் நினைப்பார்கள். இன்னொன்று, இந்தியப் போட்டிகளில் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியல்தான். அமெரிக்கப் பட்டியல் வேறு. எது என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் கியூவை மாற்றிவிடலாம். ஒரு முறை ஆட்டம் போகும், பரவாயில்லை. ஆனால் பையில் 7 காய்களாவது இருந்தால்தான் மாற்ற விடுவார்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். கடைசியில் கையில் தங்கினால் அவளுக்கு 10 குறையும், காய்களை முடித்தவருக்கு அதே 10 கூடும்; வித்தியாசம் 20.