ஹீமோகுளோபின்: வடிவம் தெரிந்தால் வேலை தெரியுமா?

கேள்வி: மேடம், ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிட்டால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடுமா?

பதில்: பாதிதான் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையே பாருங்கள். மேக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 1937இல் கேம்பிரிட்ஜில் அதன் படிகங்களில் எக்ஸ் கதிர் ஆய்வைத் தொடங்கினார்; முதல் வடிவம் கிடைக்க 1959 ஆகிவிட்டது. அமினோ அமிலங்கள் கோத்த நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஹீம் என்ற, நடுவே இரும்பு ஏந்திய ஒரு தட்டையான மூலக்கூறு; ஆக்சிஜன் ஒட்டுவது அந்த இரும்பில்தான். 1962இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஒரு ஆக்சிஜன் ஒட்டியதும் அடுத்தது ஏன் சுலபமாக ஒட்டுகிறது? அதற்கு அந்தப் படத்தில் விடை இல்லை.

ஆக்சிஜன் உள்ள நிலை, இல்லாத நிலை இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் பிடி கிடைத்தது. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு ஹீமின் தளத்தை விட்டுச் சற்றே விலகி நிற்கிறது. ஆக்சிஜன் ஒட்டினால் தளத்துக்குள் வருகிறது. நகர்வு ஓர் அணுவின் அகலம்கூட இருக்காது. ஆனால் இரும்போடு பிணைந்த, சங்கிலியின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் கூடவே இழுபடுகிறது. கடைசியில் ஒரு ஜோடிச் சங்கிலி மற்ற ஜோடிக்கு எதிரே சுமார் 15 டிகிரி திரும்பிவிடுகிறது. மிச்சமுள்ள ஹீம்களுக்கு ஆக்சிஜன் மேல் பிடிப்பு கூடுகிறது.

கேள்வி: சரி, தசைக்குப் போனதும் ஏன் விட்டுவிடுகிறது?

பதில்: உழைக்கும் தசையில் கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் அதிகம். ஆக்சிஜன் இல்லாத வடிவத்தைக் கட்டிவைக்கும் உப்புப் பாலங்களை, அதாவது எதிரெதிர் மின்னூட்டங்களின் பிணைப்புகளை, அமிலம் பலப்படுத்துகிறது. அந்த வடிவத்துக்கு ஆக்சிஜன் மேல் பிடிப்பு குறைவு; அதனால் விட்டுவிடுகிறது.

கேள்வி: படிகத்தில் உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு செல்லுக்குள்ளும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: நல்ல சந்தேகம். ஆனால் படிகம் செத்த பொருள் அல்ல. 1938இல் ஃபெலிக்ஸ் ஹவ்ரோவிட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை நுண்ணோக்கியில் வைத்திருந்தார். ஆக்சிஜன் உள்ளே கசிந்ததும் ஊதாத் தகடுகள் கரைந்து, செந்நிற ஊசிகள் முளைத்தன. மூலக்கூறின் வடிவமே மாறியதால் பழைய அடுக்கு நிலைக்கவில்லை. வடிவ மாற்றத்துக்கு எனக்குப் பிடித்த சாட்சி இதுதான். அப்புறம், சிவப்பணுவுக்குள்ளும் ஹீமோகுளோபின் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல், நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: அந்த நெரிசலால் தொல்லை வராதா?

பதில்: வரும். அரிவாள் செல் நோயில், நான்கு சங்கிலிகளில் பீட்டா எனப்படும் இரண்டிலும், 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொன்று இருக்கிறது. நீரை ஒதுக்கும் அந்த வேலின், ஆக்சிஜன் இழந்த நிலையில் பக்கத்து மூலக்கூறின் குழிக்குள் செருகிக்கொள்ளும். இப்படியே நீண்டு நாராகி, சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடும். நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952லேயே இது பதிவானது.

கேள்வி: புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு இந்தச் சோதனை எல்லாம் எதற்கு?

பதில்: அது பெரும்பாலும் ஒரு நிலையைத்தான் கணித்துத் தரும். இங்கே கதையே இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கேள்வி: நானே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. புரத வடிவங்களைச் சேமித்துவைக்கும் புரதத் தரவு வங்கி (PDB) இணையதளத்தில் 2எச்எச்பி (2HHB) என்ற குறியீடு ஆக்சிஜன் இல்லாதது, 1எச்எச்ஓ (1HHO) ஆக்சிஜன் உள்ளது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பாருங்கள்.