ரெயூனியனுக்கு வந்த லெயோபார் நாசகாரிக் கப்பலின் போர்க்கால வரலாறு

கேள்வி: இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சான் தெனி நகரில், பராஷ்வா கடற்கரையில் வரிசையாக நிற்கும் பீரங்கிகள், 1942இல் இத்தீவை விடுவித்த லெயோபார் கப்பலுடையவையா? அக்கப்பலின் போர்க்கால வரலாறு என்ன?

அவை லெயோபாரின் பீரங்கிகள் அல்ல. கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பீரங்கிகள் பாய்மரக் கப்பல் காலத்தவை. காரைக்காலிலிருந்து வந்து இத்தீவின் லா பொசெசியோன் ஊரில் குடியேறிய நாள் முதல் இந்தக் கப்பலைப் பற்றி வாசித்தும் கேட்டறிந்தும் வருகிறேன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

லெயோபார் என்றால் சிறுத்தை. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக் கடற்படை கட்டிய ஆறு பெரிய நாசகாரிகளுக்கு நரி, புலி, சிறுத்தை என்று காட்டு விலங்குகளின் பெயர்களைச் சூட்டினார்கள். லெயோபார் 1924 செப்டம்பர் 29 அன்று சேன் நசேரில் நீரில் இறக்கப்பட்டு, 1927இல் பணியில் சேர்ந்தது. ஏறத்தாழ 127 மீட்டர் நீளம், 130 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஐந்து, டார்பிடோக் குழாய்கள் ஆறு, மணிக்கு 35 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகம் என்று அந்நாளில் மிரட்டலான கப்பலாகவே அது இருந்தது. ஆனால் பாய்ந்து சென்று தாக்கித் திரும்புவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்குப் போர் கொடுத்ததோ, மெதுவாக ஊர்ந்து செல்லும் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் வேலை.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை ஆங்கிலக் கால்வாய்க் கரையை எட்டியபோது, உடன்பிறப்புக் கப்பல்களில் ஜகுவார் மே 23 அன்று டன்கர்க் அருகிலும், ஷக்கால் மறுநாள் பூலோன் அருகிலும் மூழ்கின. லெயோபார் பிழைத்து இங்கிலாந்தை அடைந்தது. பிரான்ஸ் சரணடைந்த பிறகு, அதன் கப்பல்கள் ஜெர்மனியின் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய பிரிட்டன், ஜூலை 3 அன்று தன் துறைமுகங்களில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் அனைத்தையும் கைப்பற்றியது. போர்ட்ஸ்மவுத்தில் இருந்த லெயோபாரும் அதில் அகப்பட்டது. அப்படிக் கைப்பற்றப்பட்ட கப்பல்களின் மாலுமிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பவே விரும்பினர். ஆகஸ்டு 31 அன்று கப்பல், சரணடைய மறுத்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அட்லாண்டிக் காவற்பணியில் கழிந்தன. அதில் 1942 ஜூலை 11ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று மதெய்ரா தீவுக்கு மேற்கே, ஸ்பே, பெலிக்கன் என்ற பிரிட்டிஷ் கப்பல்களோடு சேர்ந்து, யூ-136 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை லெயோபார் மூழ்கடித்தது. அதிலிருந்த 45 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அந்நாளில் நீர்மூழ்கியை ஒலியின் எதிரொலியைக் கொண்டுதான் தேடினார்கள். துரத்தும் கப்பல் நீர்மூழ்கியின் தலைக்கு மேல் வந்ததும் எதிரொலி கைவிட்டுப் போகும். ஆழ்வெடிகளை ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போட வேண்டியிருக்கும். ஒரு கப்பல் வெடி போட, இன்னொன்று விலகி நின்று எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் இரை தப்பாது. மூன்று கப்பல்கள் கூடி நின்றது எவ்வளவு பெரிய பலம் என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகே எனக்கு விளங்கியது.

இனி ரெயூனியன். 1940 முதல் இத்தீவை ஆளுநர் பியேர் ஒபேர், ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி என்ற பிரெஞ்சு அரசின் பெயரால் ஆண்டுவந்தார்; பிரிட்டிஷ் கடற்படையோ கடல் வழியை முடக்கியிருந்தது. அரிசி வெளியிலிருந்து வந்தாக வேண்டிய கரும்புத் தீவு இது. சோற்றுக்குப் பதில் மக்காச்சோளமும் மரவள்ளிக் கிழங்கும் தின்று, துணிக்குப் பதில் சாக்கை உடுத்தி மக்கள் நாள் கடத்தினார்கள். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். இங்கு மல்பார் என்று அழைக்கப்படும், கரும்புக் கூலிகளாக வந்த தமிழரின் வழித்தோன்றல். தம் அம்மா சர்க்கரைச் சாக்கைச் சாம்பல் நீரில் வேகவைத்து, அதன் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் குறைத்துச் சட்டை தைத்துக் கொடுத்ததையும், கழுத்து ஓரம் அரித்துப் புண்ணானதையும் அவர் விரலால் தடவிக் காட்டுவார். அவருக்குத் தமிழ் பேச வராது, இத்தீவின் பேச்சுமொழியான கிரெயோலில்தான் சொல்வார். ஆனாலும் அந்தச் சாக்குக்கு அவர் சொன்ன பெயர் நம் ஊர்க் கோணிதான்.

1942 நவம்பர் தொடக்கத்தில் மடகாஸ்கரின் விஷிப் படைகள் பிரிட்டிஷாரிடம் பணிந்தன. மடகாஸ்கர் படையெடுப்பைத் தமக்குச் சொல்லாமலே பிரிட்டன் தொடங்கியது தெ கோலுக்குப் பெரும் மனக்குறை. ரெயூனியனிலாவது பிரெஞ்சுக் கொடி பறக்கும் கப்பலே போய் இறங்கியது அதனால் முக்கியமானது என்றே நான் கருதுகிறேன். ஜூல் எவெனு தலைமையில் மொரீசியஸிலிருந்து புறப்பட்ட லெயோபார், நவம்பர் 28 அதிகாலை இருட்டில் சான் தெனிக்கு எதிரே வந்து நின்று மாலுமிகளைக் கரையிறக்கியது. புதிய ஆளுநராகப் பொறுப்பேற்க வேண்டிய அந்த்ரே கப்பகோரியும் அதே கப்பலில்தான் வந்திருந்தார். முந்தைய நாள்தான் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில், ஜெர்மானியர் கைக்குப் போகாதபடி, உடன்பிறப்புக் கப்பலான லின்க்ஸைப் பிரெஞ்சு மாலுமிகள் தாங்களே மூழ்கடித்திருந்தார்கள்.

தலைநகரம் பெரிய எதிர்ப்பின்றிக் கைக்கு வந்தது. ஒபேர் சலாசி மலைப்பகுதியிலுள்ள எல்-பூருக்கு ஒதுங்கினார். ஆனால், ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் விடுதலை வந்தது போலச் சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் துறைமுகக் கரையில் இருந்த பீரங்கித் தளம் லெயோபாரை நோக்கிச் சுட்டது. லெயோபாரும் திருப்பிச் சுட்டது. கரையில் உயிர்கள் போயின. இறந்தவர்களும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களே. அதே நாட்களில் தொழிற்சங்கத் தலைவர் லெயோன் தெ லெபெர்வான்ஷைப் பின்பற்றித் துறைமுகத் தொழிலாளர்கள் விஷி நிர்வாகத்துக்கு எதிராக எழுந்ததையும் கப்பலின் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதலை முழுவதும் கடலிலிருந்து வந்துவிடவில்லை. நவம்பர் 30 அன்று ஒபேர் பணிந்தார். முற்றுகைக்கான காரணம் நீங்கியது; பற்றாக்குறை மட்டும் உடனே தீரவில்லை. நான் சொன்ன மூதாட்டி அதற்குப் பிறகும் வெகுகாலம் கோணிச் சட்டைதான் போட்டிருந்தார்.

லெயோபார் அதன் பிறகு ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. மத்தியதரைக் கடலுக்குச் சென்ற அது, 1943 மே 27 அன்று லிபியாவின் பென்காசிக்கு வடகிழக்கே தரைதட்டியது. மீட்க எடுத்த முயற்சி பலிக்காமல், ஜூன் 19 அன்று இரண்டாக உடைந்தது. எனவே பராஷ்வாவுக்குப் போனால், பீரங்கிகளுக்கு முதுகைக் காட்டி நகரப் பக்கம் திரும்பிப் பாருங்கள். எதிரே தெரியும் பிரெஃபெக்சூர் என்ற அரசு நிர்வாகக் கட்டடம்தான் அன்றைய ஆளுநர் மாளிகை. ஒபேர் விட்டுப் போனதும் கப்பகோரி வந்து அமர்ந்ததும் அங்கேதான்.