கார்க் சிட்டி ஹாலில் எதற்கு யாரைப் பிடிப்பது?

அயர்லாந்தின் கார்க் நகரில் குடியிருக்கும் நம்மவர்கள், மாநகர சபை விஷயமாக என்னிடம் கேட்டவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். சட்டச் சிக்கல் என்றால் வக்கீலைப் பாருங்கள். இது ஊர் நடப்பு தெரிந்த ஒருவனின் பதில், அவ்வளவுதான்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. குப்பைக்குத் தனியார் கம்பெனி காசு வாங்குகிறது. தண்ணீருக்கு வேறு நிறுவனம், பஸ்ஸுக்கு வேறு. அப்படியானால் சிட்டி கவுன்சிலுக்கு என்னதான் வேலை?

நியாயமான சந்தேகம். ஐரோப்பாவின் மற்ற நகரங்களோடு வைத்துப் பார்த்தால் ஐரிஷ் மாநகர சபைகளுக்கு அதிகாரம் குறைவுதான். போலீஸ், அதாவது கார்டா, நாடு முழுவதற்கும் ஒன்று. பள்ளிக்கூடம் கல்வித் துறையிடம். மருத்துவமனை எச்.எஸ்.இ. என்கிற தேசிய சுகாதாரச் சேவை அமைப்பிடம். தண்ணீரும் கழிவுநீரும் 2014 முதல் ஐரிஷ் வாட்டரிடம் போய்விட்டன. அதற்கு இப்போது இஷ்கா ஏரன் என்று பெயர். வீடு வீடாகக் குப்பை எடுப்பதை கார்க் சபை 2011-இல் கைவிட்டது. ஓட்டுநர் உரிமம்கூட ஒரு காலத்தில் உள்ளாட்சி கொடுத்ததுதான். 2013-இல் அதுவும் போனது.

சரி, மிச்சம் என்ன? முதலில் வீடு. வாடகை வீடு கட்டிக் கொடுப்பது, அதற்கான காத்திருப்போர் பட்டியல், தனியார் வாடகைக்கு உதவும் ஹாப் திட்டம் எல்லாம் சபையின் பொறுப்பு. அடுத்து கட்டட அனுமதி. அப்புறம் சாலை, நடைபாதை, தெருவிளக்கு, பார்க்கிங், தீயணைப்பு, நூலகம், பூங்கா, கல்லறைத் தோட்டம், நாய் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல். நீங்கள் சனிக்கிழமை மீன் வாங்கப் போகும் இங்கிலிஷ் மார்க்கெட்டும் சபையின் சொத்துதான். 1788-இலிருந்து நடக்கும் சந்தை அது. கின்சேல் ரோட்டுப் பக்கம் இருக்கும் டிரமோர் வேலி பூங்கா, முன்பு ஊர்க் குப்பை முழுவதையும் கொட்டிய மேடு. 2019-இல் பூங்காவாகத் திறந்தார்கள். சபை உருப்படியாகச் செய்த வேலை ஒன்று சொல் என்றால் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஒரு காரியம் ஆக வேண்டும். லார்ட் மேயரைப் போய்ப் பார்த்தால் நடக்குமா?

பார்க்கலாம், மரியாதையாகப் பேசுவார், படமும் எடுத்துக்கொள்ளலாம். காரியம் ஆகுமா என்பது வேறு விஷயம். கார்க்கின் லார்ட் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 31 கவுன்சிலர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் எந்த ஆண்டு என்று கட்சிகள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவதும் உண்டு. சபைக் கூட்டத்துக்குத் தலைமை, விழாக்கள், வரவேற்புகள் என்று அவர் ஆண்டு ஓடிவிடும். துறைமுகத்தில் படகில் போய்க் கடலுக்குள் ஈட்டி எறிந்து ‘இதுவரை எங்கள் எல்லை’ என்று காட்டும் பழைய சடங்கு ஒன்றும் அவர் தலையில்தான் விழும்.

கோப்பில் கையெழுத்துப் போடுவது தலைமைச் செயல் அதிகாரி. நம் ஊர் மாநகராட்சி கமிஷனரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். 2014 வரை அந்தப் பதவிக்கு சிட்டி மேனேஜர் என்று பெயர்.

இந்த முறை பிறந்ததே கார்க்கில்தான் என்பது பலருக்குத் தெரியாது. சுதந்திரம் கிடைத்த சூட்டில், 1924-இல், டப்ளினில் இருந்த அரசு கார்க் மாநகராட்சியைக் கலைத்துவிட்டு பிலிப் மோனஹன் என்பவரைத் தனி ஆணையராக உட்கார வைத்தது. கவுன்சிலர்கள் வேண்டும், ஆனால் அன்றாட நிர்வாகம் ஒரு அதிகாரி கையில் இருக்கட்டும் என்று 1929-இல் கார்க்குக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதே மோனஹன் முதல் மேனேஜர் ஆனார். அடுத்த ஆண்டு டப்ளின், 1934-இல் லிமெரிக், பிறகு நாடு முழுக்க அதே ஏற்பாடு. இன்றைக்கும் அடித்தளம் அதுதான்.

லார்ட் மேயர் பதவியைப் பொம்மைப் பதவி என்று மட்டும் கார்க்காரர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் நடந்த 1920-இல், மார்ச் 20 அன்று லார்ட் மேயர் டோமாஸ் மக்கர்ட்டனை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்கு 36-ஆவது பிறந்தநாள். அடுத்து வந்த டெரன்ஸ் மக்ஸ்வீனி லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபரில் இறந்தார். டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் ஊரின் நடுப்பகுதியைக் கொளுத்தியபோது சிட்டி ஹாலும் எரிந்தது. இப்போது ஆற்றோரம் நிற்கும் கட்டடம் 1936-இல் திறந்தது.

கேள்வி: அப்படியானால் கவுன்சிலர்கள் சும்மா பேசிவிட்டுப் போகிறவர்களா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. சட்டம் சில முடிவுகளைக் கவுன்சிலர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை, எங்கே பச்சை நிலம் என்று தீர்மானிக்கும் நகர வளர்ச்சித் திட்டம் அவர்கள் வாக்களித்துத்தான் நிறைவேற வேண்டும். அதற்கு வரைவு வெளியாகும்போது நீங்களும் கருத்து எழுதி அனுப்பலாம். யாரும் அனுப்புவதில்லை. கட்டட மேஸ்திரி வந்து பள்ளம் தோண்டும்போதுதான் தெருவே கூடுகிறது. அதற்குள் முடிவு எப்போதோ ஆகியிருக்கும்.

இரண்டாவது பணம். ஆண்டு பட்ஜெட், கடைகளும் நிறுவனங்களும் கட்டும் வணிக வரி விகிதம், வீட்டுச் சொத்து வரியை ஓரளவு ஏற்றுவது இறக்குவது எல்லாம் அவர்கள் வாக்கு. சொத்து வரியை வசூலிப்பது வருவாய்த் துறை. சபை விகிதத்தை மட்டும் சற்று நகர்த்தலாம். பட்ஜெட் போட மாட்டோம் என்று முரண்டு பிடித்தால் அமைச்சர் சபையையே கலைக்க முடியும். 1969-இல் டப்ளினில் அப்படி நடந்திருக்கிறது, போதுமான வரி போட மறுத்தார்கள் என்பதற்காக.

தனிப்பட்ட ஒருவரின் கட்டட அனுமதியில் மட்டும் கவுன்சிலர் கைவைக்க முடியாது. முன்பு தீர்மானம் போட்டு அதிகாரிக்குக் கட்டளையிட ஒரு வழி இருந்தது. 2014-இல் அனுமதி விஷயத்தில் அதை அடைத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்பேன். ஆகவே ‘கவுன்சிலரிடம் சொல்லி அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: நாங்கள் பாலின்காலிக்கில் இருக்கிறோம். நாங்கள் சிட்டியா, கவுன்ட்டியா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சிட்டி. 2019 மே 31 முதல். (கவுன்ட்டி என்றால் நகருக்கு வெளியே உள்ள மாவட்டம், அதற்குத் தனிச் சபை.) அன்றைக்குத்தான் நகர எல்லையை விரித்து பாலின்காலிக், பிளார்னி, டவர், கிளான்மயர், டக்ளஸ் சுற்று வட்டாரம், விமான நிலையம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்தார்கள். மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஏறியது. பழைய ஆட்கள் இன்னும் கவுன்ட்டி என்றே சொல்வார்கள், அதனால்தான் குழப்பம். கேரிகிரோஹன் ரோட்டில் தெரியும் அந்த உயரமான கவுன்ட்டி ஹால், கவுன்ட்டி சபையின் தலைமையகம். அது நிற்பதோ சிட்டிக்குள். தவறான படியேறிப் பாதி நாள் வீணாக்கியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கேள்வி: பக்கத்து வீட்டு வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மாடி கட்டப் போகிறார்களாம். எங்கள் வீட்டுக்கு வெயிலே வராது. என்ன செய்வது?

முதலில் நிறத்தைக் கவனித்தீர்களே, அதற்கே பாராட்டு. சாதாரணமாக நோட்டீஸ் வெள்ளையாக இருக்கும். அதே இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் மஞ்சள். அதாவது முன்பே ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய கோப்பை சபையின் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். அது எதனால் நின்றது என்று பார்த்தால், இந்த முறை எதை அழுத்திச் சொல்வது என்று உங்களுக்கே தெரியும்.

சபை விண்ணப்பத்தைப் பெற்ற நாளிலிருந்து ஐந்து வாரத்துக்குள், 20 யூரோ கட்டி, உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். சபை வழக்கமாக எட்டு வாரத்தில் முடிவு சொல்லும், கூடுதல் விவரம் கேட்டால் நீளும். முடிவு பிடிக்கவில்லை என்றால் நான்கு வாரத்துக்குள் தேசிய அளவில் மேல்முறையீடு செய்யலாம். அதைக் கேட்கும் அமைப்பு முன்பு போர்ட் பிளனாலா, 2025 முதல் கமிஷன் பிளனாலா. ஆனால் முதல் கட்டத்தில் 20 யூரோ கட்டி எழுதாதவருக்குப் பொதுவாக மேல்முறையீட்டுக்கு வழி இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கடிதத்தில் அவர்கள் மோசமானவர்கள், இரவில் பாட்டு போடுகிறார்கள் என்றெல்லாம் எழுத வேண்டாம். எத்தனை அடி உயரம், எந்த ஜன்னல் மறைகிறது, எந்தப் பக்கம் நிழல் விழும், இதை மட்டும் எழுதுங்கள். ஒரு படம் வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: வீட்டுக்குப் பின்பக்கம் சிறிய விரிவாக்கத்துக்கு, 40 சதுர மீட்டர் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதியே தேவையில்லை. அப்படிப்பட்டதற்கு நோட்டீஸும் வராது.

கேள்வி: அண்ணா, வாடகை வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. சமையலறையில் புகை போக ஃபேன்கூட இல்லை. வீட்டுக்காரர் ‘நீங்கள் சமைக்கும் சமையல்தான் காரணம்’ என்கிறார்.

இந்த வசனத்தை நானும் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். தாளிப்பில் பழி போட்டுவிட்டால் சுவரைப் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள். தனியார் வாடகை வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தைச் சோதிப்பது சபையின் வேலை. 2019 விதிப்படி நான்கு அடுப்பும் ஓவனும், சமையல் புகையை வெளியேற்ற ஹூட் அல்லது ஃபேன், ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும், மைக்ரோவேவ் எல்லாம் வீட்டுக்காரர் வைத்துத் தர வேண்டும். துவைக்கும் இயந்திர வசதியும் உண்டு. சுவர் ஈரம் ஊறாமல் இருப்பதும், எல்லா அறையிலும் காற்றோட்டம் இருப்பதும் அதே விதியில் வருகிறது.

முதலில் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது. தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் சபையின் வாடகை வீட்டு ஆய்வுப் பிரிவுக்குப் புகார். அவர்கள் வந்து பார்த்துச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். வாடகை உயர்வு, முன்பணம் திருப்பித் தராதது, வெளியேறச் சொல்வது போன்ற சண்டைகளுக்குச் சபை வராது, அதற்கு ஆர்.டி.பி. என்கிற வாடகை வாரியம் தனி.

கேள்வி: நான் ஐரிஷ் குடிமகன் இல்லை, வேலை விசாதான். எனக்கு ஓட்டு உண்டா?

உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் குடியுரிமை கேட்பதே இல்லை. 18 வயது, இங்கே குடியிருப்பு, பட்டியலில் பெயர். அவ்வளவுதான். தேர்தலில் நிற்கவும் செய்யலாம். நாடாளுமன்றத்துக்கு ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்களும், அதிபர் தேர்தலுக்கு ஐரிஷ் குடிமக்களும் மட்டுமே ஓட்டுப் போடலாம். சபைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இதை நம்மவர்கள் நம்புவதே இல்லை. ஆனால் வேட்பாளர்கள் நம்புகிறார்கள். 2024-இல் டப்ளின் பக்கம் சவுத் டப்ளின் கவுன்ட்டிக்கு மேயர் ஆனவர் கேரளத்திலிருந்து வந்த பேபி பெரேப்பாடன். மலையாளிகள் பட்டியலில் பெயரைச் சேர்த்து, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். நாம் வாட்ஸ்அப்பில் தமிழ்நாட்டு அரசியல் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த தேர்தல் 2029-இல். பி.பி.எஸ். எண்ணும் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்) எயர்கோடும் (இங்குள்ள அஞ்சல் குறியீடு) இருந்தால் வாக்காளர் பட்டியல் இணையதளத்தில் பெயரை எந்த நாளும் சேர்க்கலாம்.

கேள்வி: ஓட்டுச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் 1 போட்டால் போதுமா?

செல்லும். ஆனால் பாதி ஓட்டை வீணாக்குகிறீர்கள். பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் முதல் ஆள் தோற்றால் சீட்டு இரண்டாவது ஆளுக்குப் போகும். ஒரு தொகுதியில் ஆறு அல்லது ஏழு இடங்கள் என்பதால், கடைசி இடம் இப்படிக் கைமாறி வரும் ஓட்டில்தான் தீர்மானமாகும். எண்ணிக்கை சில நாள்கூட இழுக்கும்.

கேள்வி: லிமெரிக்கில் மக்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்களாமே? கார்க்கில் ஏன் இல்லை?

கேட்டார்கள், நாம் வேண்டாம் என்றோம். 2019 மே மாதம் கார்க், லிமெரிக், வாட்டர்ஃபோர்ட் மூன்றிலும் வாக்கெடுப்பு நடந்தது. லிமெரிக் மட்டும் சரி என்றது. கார்க்கில் சுமார் ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. லிமெரிக்கில் 2024-இல் ஜான் மோரன் முதல் மேயராக வந்தார். முன்பு நிதித் துறையின் தலைமைச் செயலராக இருந்தவர். அதிகாரி கையிலிருந்த அதிகாரங்களில் நிறைய அவருக்குப் போயிருக்கின்றன. என்னைக் கேட்டால் கார்க் ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிட்டது. பழைய பீமிஷ் மதுபான ஆலை இடத்தில் நிகழ்ச்சி அரங்கம் கட்ட 2016-இல் பிரதமரே வந்து மண் வெட்டிக் கொடுத்தார். ஆண்டுகள் ஓடின, கட்டடம் எழவில்லை. ஏன் என்று பிடித்துக் கேட்க ஊருக்கு ஒரு முகம் இல்லை.

கேள்வி: அண்ணை, வீட்டுக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. சபைக்குச் சொல்வதா?

மழை இல்லாத நாளிலும் ஊறினால் குழாய் உடைப்பு, இஷ்கா ஏரனுக்குச் சொல்லுங்கள். மழை பெய்தால் மட்டும் தேங்கினால் சாலையோர வடிகால் அடைப்பு, அது சபை. பள்ளமும் எரியாத விளக்கும் சபைதான். விளக்குக் கம்பத்தில் ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: ஷாண்டன் பக்கம் பாழடைந்த ஒரு வீடு மலிவாக வருகிறது. மராமத்துக்குச் சபை பணம் தருமா?

தரும். இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடந்து, 2007 அல்லது அதற்கு முன் கட்டிய வீடாக இருந்தால் 50,000 யூரோ வரை. பாழடைந்தது என்று உறுதியானால் 70,000 வரை. சபை ஆள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுப்பதற்கு முன் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். பணமும் வேலை முடிந்த பிறகுதான் வரும், ஆகவே கையில் காசோ கடனோ இருக்க வேண்டும்.

கேள்வி: நூலகத்தில் சேரக் கட்டணம் எவ்வளவு?

ஒன்றுமில்லை. தாமதத்துக்கான அபராதமும் 2019-இலேயே போய்விட்டது. ஒரே அட்டை நாடு முழுக்கச் செல்லும். பிள்ளைகளை உடனே சேருங்கள்.

கேள்வி: மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் சபையிலிருந்து பதிலே இல்லை. இனி எங்கே போவது?

நான்காவது மின்னஞ்சல் வேண்டாம். சபையில் முறையான புகார் நடைமுறை ஒன்று உண்டு. ‘புகார்’ என்று தலைப்பிலேயே எழுதி, முந்தைய மூன்றின் தேதிகளையும் போட்டு அனுப்புங்கள், குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள். கூடவே உங்கள் பகுதிக் கவுன்சிலர்கள் ஆறேழு பேருக்கும் ஒரு பிரதி. கட்சி பார்க்காதீர்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி, யாராவது ஒருவர் கட்டாயம் விசாரிப்பார். கவுன்சிலர் எழுப்பும் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது. அப்படியும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, இலவசம்தான். ஆனால் சபையின் சொந்தப் புகார் நடைமுறையை முடித்துவிட்டு வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள்.